ஒரு டன் குளிர்

திருநின்றவூர்க்காரர்களுக்குப் பூசலார் கதையைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. கையில் காசில்லாத சிவபக்தர் மனத்துக்குள்ளேயே ஒரு கோயில் கட்டினார். அதே காலத்தில் காஞ்சியில் பல்லவ மன்னன் கற்றளி எழுப்பிக்கொண்டிருந்தான். இருவரும் குடமுழுக்குக்கு ஒரே நாளைக் குறித்துவிட, இறைவன் மன்னனின் கனவில் வந்து, நீ வேறு நாள் பார்த்துக்கொள் என்றார். பக்தியின் உயர்வுக்குச் சான்றாகவே இக்கதை சொல்லப்படுகிறது, அதில் தவறில்லை. ஆனால் பக்கத்துக் குன்றத்தூரில் பிறந்த சேக்கிழார் இதைச் சொல்லியிருக்கும் முறையைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். பூசலார் கண்ணை மூடியதும் கோபுரம் எழுந்துவிடவில்லை. வேண்டிய பொருள்களைச் சேர்க்கிறார், தச்சர்களைத் தேடுகிறார், நாள் பார்த்து அடித்தளம் போடுகிறார், இரவும் உறங்காமல் வேலை பார்க்கிறார், நிலை நிலையாக மேலே போகிறார், சுதை வேலை முடிக்கிறார். அதோடு நிற்கவில்லை: கிணறு எடுக்கிறார், மதில் போக்குகிறார், குளமும் தோண்டுகிறார். மனத்தில் கட்டும் கோயிலுக்குக் கிணறு எதற்கு என்று சேக்கிழார் கேட்கவில்லை. கிணறும் குளமும் இல்லாமல் ஒரு கோயில் முடிந்ததாக அந்தக் காலத்தில் யாரும் நினைக்கவில்லை, அவ்வளவுதான்.

திருநின்றவூரில் மின்சார ரயில் ஏறினால் அரை மணி நேரத்துக்குள் அம்பத்தூரும் பட்டரவாக்கமும் வந்துவிடும். ஒரு காலத்தில் சைக்கிளும் டயரும் போல்ட்டும் செய்த அந்தப் பக்கத்தில் இன்று சன்னல் இல்லாத உயரமான கட்டடங்கள் எழுந்திருக்கின்றன. அவைதாம் தரவு மையங்கள். உள்ளே இருக்கும் கணினிகளைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். அவற்றுக்குப் போகும் மின்சாரத்தையும் அவற்றிலிருந்து வரும் சூட்டையும் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. கணினி மையத்தின் வரலாற்றைக் கணினியிலிருந்து தொடங்கினால் பாதிதான் விளங்கும் என்பது இந்தக் கட்டுரையின் வாதம். கணினி எப்போதும் கடைசியாக வந்த விருந்தாளி. மின்கம்பியும் குளிர்க்குழாயும் தண்ணீரும் அதற்கு முன்பே வந்து காத்திருந்த இடத்தில்தான் அது குடியேறியிருக்கிறது. ஆகவே ஒரு மையத்தின் மின்சார, குளிர்ச்சி வசதிகளைப் பெருக்கத் திட்டமிடுகிறவர் உண்மையில் செய்வது, முன்னோர் விட்டுச்சென்ற மின்பளுவைக் கணக்கெடுத்து, அடுத்து வருபவருக்கு எதை விட்டுச்செல்வது என்று தீர்மானிப்பது.

குளிரிலிருந்து தொடங்கலாம். மெரினா கடற்கரைச் சாலையில் விவேகானந்தர் இல்லம் என்று இன்று அழைக்கப்படும் வட்டமான கட்டடம் 1842இல் பனிக்கட்டிக் கிடங்காகக் கட்டப்பட்டது. பாஸ்டன் நகரத்து வணிகர் பிரெடரிக் டியூடர், மாசசூசெட்ஸ் மாநிலத்து ஏரிகள் குளிர்காலத்தில் உறையும்போது பனிக்கட்டியை அறுத்து, மரத்தூளில் பொதிந்து, கப்பலில் இந்தியாவுக்கு அனுப்பினார். 1833இல் அவருடைய முதல் கப்பல் கல்கத்தாவுக்கு வந்தபோது, ஏற்றிய சுமார் 180 டன்னில் 100 டன் அளவே உருகாமல் மிஞ்சியது. அதுவே பெரும் வெற்றியாகக் கொண்டாடப்பட்டது. கல்கத்தா, பம்பாய், சென்னை மூன்றிலும் கட்டிய கிடங்குகளில் சென்னையினுடையது மட்டுமே நிற்கிறது. பிறகு இயந்திரத்தில் பனிக்கட்டி செய்யும் முறை வந்து அந்த வணிகம் மடிந்தது. ஆனால் அதன் தராசு மடியவில்லை. ஏ.சி. வாங்கப் போனால் ஒரு டன்னா, ஒன்றரை டன்னா என்று கேட்கிறார்களே, அந்த டன் பெட்டியின் எடை அன்று. ஒரு டன் பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு சூட்டை உறிஞ்சுமோ அவ்வளவு சூட்டை அகற்றும் திறன் அது. இன்றைய கணக்கில் சுமார் 3.5 கிலோவாட். அம்பத்தூர் மையங்களைக் குளிர்விக்கும் இயந்திரங்களான சில்லர்களும் இன்றுவரை அந்த டன்னில்தான் அளக்கப்படுகின்றன.

இந்த அளவை வைத்துக்கொண்டு பார்த்தால் விஷயத்தின் பருமன் சட்டென்று பிடிபடும். கணினி தின்னும் மின்சாரம் முழுவதும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வருகிறது. கணக்குப் போட்டதற்காக அது கொஞ்சமும் குறைவதில்லை. அப்படியானால் 10 மெகாவாட் கணினிச் சுமை உள்ள ஒரு மையத்துக்கு, மின்விசிறிகள், யூ.பி.எஸ். இழப்பு எல்லாவற்றையும் ஒதுக்கிவைத்தாலும், கிட்டத்தட்ட 2,850 டன் குளிர்ச்சி வேண்டும். ஒவ்வொரு நாளும் 2,850 டன் பனிக்கட்டியை உருக்குவதற்குச் சமம் அது. கல்கத்தாவுக்கு வந்த அந்த முதல் கப்பலைப் போல 28 கப்பல்கள் தினமும் துறைமுகத்தில் நின்றாக வேண்டும். என்.டி.டி. நிறுவனம் அம்பத்தூர் வளாகத்துக்கு அறிவித்த முழுக் கணினிச் சுமை 34.8 மெகாவாட். மேலே சொன்ன கணக்கை வாசகரே மூன்றரையால் பெருக்கிக்கொள்ளலாம்.

மின்சாரத்தின் கதையும் கணினிக்கு வெகுகாலம் முந்தியது. 1895இல் சென்னையில் டிராம் ஓடியது. இந்தியாவில் மின்சாரத்தில் ஓடிய முதல் டிராம் அது. பேசின் பிரிட்ஜில் நிலக்கரி எரித்த நகர மின்நிலையம், 1932இல் பைக்காரா, 1934இல் மேட்டூர் அணை கட்டப்பட்டுச் சில ஆண்டுகளில் அதன் நீர்மின்சாரம் என்று வளர்ந்து, 1957 ஜூலை முதல் நாள் மாநில மின்வாரியம் பிறந்தது. இதில் நமக்கு வேண்டியது ஒன்றுதான். மின்கம்பி முதலில் எங்கே போயிற்று? வீடுகளுக்கும் போயிற்று, கிணற்று மோட்டார்களுக்கும் போயிற்று. ஆனால் தடித்த கம்பி, உயர் அழுத்தக் கம்பி, ஆலை இருந்த திசையில் போயிற்று. சென்னைக்கு மேற்கே ரயில் பாதையை ஒட்டி டி.ஐ. சைக்கிள்ஸ் 1940களின் இறுதியில் அம்பத்தூருக்கு வந்தது. டன்லப் டயர் ஆலை 1950களின் இறுதியில் வந்தது. ஆவடியில் டாங்கித் தொழிற்சாலை 1960களில் விஜயந்தா டாங்கியை உருட்டி வெளியே விட்டது. 1964இல் அரசு அம்பத்தூர் தொழிற்பேட்டையைத் தொடங்கியபோது சாலை, வடிகால், மனைப் பிரிவு இவற்றோடு மின்சாரத்தையும் சேர்த்தே திட்டமிட்டது. லேத்து மெஷினும் உலையும் வைத்த சிறு முதலாளிகளுக்காகப் போட்ட மின்பாதை அது. அதற்கு மேலே கொரட்டூரில் 230 கிலோவோல்ட் துணைமின் நிலையம், இன்னும் வடக்கே அலமாதியில் 400 கிலோவோல்ட் நிலையம் என்று தலைமுறை தலைமுறையாகக் கனம் கூடியது. டன்லப் ஆலையின் சங்கு ஓய்ந்துவிட்டது. பல பட்டறைகள் மூடி, கூரைத்தகடு பெயர்ந்து, இடம் கைமாறிவிட்டது. மின்பாதையின் தடம் மட்டும் அங்கேயே இருக்கிறது.

இங்கே ஒரு மறுப்பு எழும், எழ வேண்டும். சென்னைக்குத் தரவு மையங்கள் வரக் காரணம் கடலடிக் கேபிள்கள் அல்லவா? 2002இல் சிங்கப்பூருக்குப் போட்ட கேபிள் முதல் அடுத்தடுத்து வந்தவை பலவும் சென்னைக் கரையில் ஏறுகின்றன. மும்பைக்கு அடுத்து இந்தியாவுக்கு அதுதானே பெரிய வாசல்? உண்மைதான். சென்னை என்ற ஊரைத் தேர்ந்தெடுத்ததற்கு அது காரணம். ஊருக்குள் அம்பத்தூரைத் தேர்ந்தெடுத்ததற்கு அது காரணம் ஆகாது. கேபிள் ஏறுவது கிழக்குக் கரையில். அம்பத்தூர் இருப்பதோ ஊரின் மேற்குக் கோடியில். கரைக்குப் பக்கமாகவே நிலம் தேடியிருந்தால் எல்லோரும் பழைய மாமல்லபுரம் சாலைக்கே போயிருக்க வேண்டும். சிலர் அப்படிச் சிறுசேரிக்குப் போகவும் செய்தார்கள். மற்றவர்கள் ஏன் இவ்வளவு தூரம் உள்ளே வந்தார்கள்? கண்ணாடி இழையைச் சாலையோரம் பள்ளம் தோண்டிப் புதைத்துவிடலாம். அதற்குத் தேவை கொஞ்சம் பணமும் மாநகராட்சி அனுமதியும். 110 கிலோவோல்ட் மின்பாதையை அவ்வளவு எளிதாக இழுத்துவர முடியாது. கோபுரத்துக்கு நிலம், பாதையின் இருபுறமும் ஒதுக்கம், துணைமின் நிலையத்தில் காலி இடம், எல்லாவற்றுக்கும் மேலாகக் காலம் வேண்டும். செய்தி ஒளியின் வேகத்தில் வந்துவிடுகிறது. மின்சார இணைப்பு கோப்பின் வேகத்தில்தான் வருகிறது. அந்தக் காத்திருப்பை முன்பே முடித்துவைத்த இடம் தொழிற்பேட்டை.

தொடக்கக் காலக் கணினிகளுக்கும் மின்சாரமும் குளிரும் முன்பே வர வேண்டும் என்பதே விதி. 1946இல் அமெரிக்காவில் வெளி உலகுக்குக் காட்டப்பட்ட எனியாக் கணினியில் சுமார் 18,000 வெற்றிடக் குழல்கள் இருந்தன. சுமார் 150 கிலோவாட் இழுத்தது. ஊதி ஊதிக் குளிர்விக்கத் தனி விசிறிகள் ஓடின. இந்தியாவில் 1960களில் ரயில்வே தன் மண்டலத் தலைமையகங்களில் ஐ.பி.எம். 1401 கணினிகளை வைத்தது. சம்பளப் பட்டியலும் சரக்குக் கணக்கும் அவற்றில் ஓடின. சென்னை ஐ.ஐ.டி.யில் 1973இல் ஐ.பி.எம். 370/155 நிறுவப்பட்டது. ஊரில் பெரிய அதிகாரியின் அறைக்கே ஏ.சி. அபூர்வமாக இருந்த நாள்களில் கணினிக்கு ஏ.சி. அறை கிடைத்தது, அதனால் அது ஒரு கர்ப்பக்கிருகம் போலவே நடத்தப்பட்டது, செருப்பைக் கழற்றிவிட்டுப் போகும் வழக்கம் உட்பட. செருப்பு தூசிக்காக. ஏ.சி. சூட்டுக்காக மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. அக்காலக் கணினிக்குத் தீனி துளையிட்ட அட்டைகள். சென்னையின் கடற்காற்று ஈரத்தில் அட்டை உப்பினால் இயந்திரத்தின் வாயில் சிக்கிக்கொள்ளும். காற்று மிகவும் உலர்ந்தால் நிலைமின்சாரம் ஏறி ஒட்டிக்கொள்ளும். வில்லிஸ் கேரியர் 1902இல் புரூக்ளினில் வடிவமைத்த முதல் குளிர்சாதன ஏற்பாடே ஓர் அச்சகத்தில் காகிதம் ஈரத்தால் நீளாமல் இருப்பதற்காகத்தான். மனிதனின் சுகத்துக்காக ஏ.சி. வந்தது என்று நாம் நம்புகிறோம். காகிதத்தின் சுகத்துக்காகத்தான் அது வந்தது.

ஈரம் இந்த ஊரின் தனிக் குணம் என்பதால் அதில் இன்னும் கொஞ்சம் நிற்கலாம். குளிர் நாடுகளில் கணினி மையம் கட்டுபவர்கள் வருடத்தில் பல மாதங்கள் வெளிக்காற்றையே உள்ளே விட்டுச் சமாளிக்கிறார்கள். பெங்களூரில்கூட இரவுக் காற்றை ஓரளவு பயன்படுத்தலாம். சென்னையில் மார்கழி விடியற்காலையிலும் அதற்கு வழி குறைவு. 2003 மே கடைசியில் நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது என்று ஆண்டுதோறும் செய்தித்தாள்கள் நினைவூட்டுகின்றன. ஆனால் திட்டமிடுகிறவரின் தூக்கத்தைக் கெடுப்பது அந்த 45 அன்று. ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் அளவே அவருக்கு முக்கியம். தண்ணீரை ஆவியாக்கிக் குளிர்விக்கும் கூலிங் டவர் அந்த அளவுக்குக் கீழே ஒருபோதும் இறங்க முடியாது. காற்றில் ஏற்கெனவே நீர் நிறைந்திருக்கும் ஊரில் மேலும் நீர் ஆவியாக மறுக்கிறது. வியர்வை காயாமல் நாம் தவிப்பதும் அதே இயற்பியல்தான். குளிர்நீர்க் குழாயின் மேல் சுற்றிய உறையில் ஒரு விரற்கடை கிழிந்தாலும் போதும், குழாய் வியர்த்துச் சொட்டத் தொடங்கும். கீழே மின்கேபிள் போகும். இந்த ஊரின் ஏ.சி. மெக்கானிக்குகளுக்குத் தெரிந்த இந்தச் சங்கதி, வெளிநாட்டு வரைபடங்களில் எப்போதும் இருப்பதில்லை.

கணினி பொதுமக்களின் வாழ்க்கைக்குள் நுழைந்த இடம் திருநின்றவூர் மின்சார ரயில் போய் நிற்கும் மூர் மார்க்கெட் வளாகம். பழைய மூர் மார்க்கெட் 1985 மே மாதம் எரிந்தது. அந்த இடத்தில் எழுந்த ரயில்வே கட்டடத்தில் முன்பதிவு மையம் வந்தது. 1987இல் சென்னையில் கணினி முன்பதிவு தொடங்கியது. அதுவரை கணினி மையம் நின்றால் சம்பளப் பட்டியல் ஒரு நாள் தாமதமாகும், ஆராய்ச்சி மாணவர் அட்டைக் கட்டோடு மறுநாள் வருவார். இப்போது நின்றால் கவுன்ட்டருக்கு முன்னால் வரிசை நிற்கும். மின்தடையின் பொருள் அந்த நாளில் மாறிவிட்டது என்று சொல்லலாம். யூ.பி.எஸ்., அதற்குப் பின்னால் பேட்டரி வரிசை, அதற்குப் பின்னால் ஜெனரேட்டர் என்ற மூன்று அடுக்குப் பாதுகாப்பு, ஆடம்பரம் என்ற பட்டியலிலிருந்து அத்தியாவசியம் என்ற பட்டியலுக்கு நகர்ந்தது.

அதே காலத்தில்தான், வரலாறு திட்டமிடுபவர்களை ஏமாற்றிய ஒரு சுவையான நிகழ்ச்சியும் நடந்தது. 1980களின் பெரிய மெயின்பிரேம்கள் பல காற்றால் மட்டும் குளிரவில்லை, ஐ.பி.எம். 3081, 3090 போன்றவற்றின் சிப்புகளை ஒட்டிக் குளிர்நீர் ஓடியது. கிரே கணினிகளில் ஃபிரியானும் மின்சாரம் கடத்தாத திரவமும் ஓடின. கணினி அறைக்குள் குழாய்க்காரருக்கும் வேலை இருந்தது. 1990களின் நடுவில் சிமாஸ் சிப்புகள் மெயின்பிரேம்களுக்கும் வந்தபோது சூடு மளமளவென்று குறைந்தது. அதே வேலையைக் காற்றில் குளிரும் சிறிய பெட்டி செய்தது. இனித் தண்ணீர் வேண்டாம் என்று பல மையங்களில் குழாய்களைப் பிடுங்கி எறிந்தார்கள். தொழில்நுட்பம் வளர வளர மின்சாரமும் குளிரும் குறைந்துகொண்டே போகும், திட்டமிட என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் இன்றும் இந்த நிகழ்ச்சியைத்தான் மனத்தில் வைத்துக் கேட்கிறார்கள். அவர்கள் சொல்வதில் பாதி உண்மை. ஒரு கணக்குக்கு ஆகும் மின்சாரம் குறைந்துகொண்டேதான் வருகிறது. கணக்குகளின் எண்ணிக்கையோ அதைவிட வேகமாகக் கூடுகிறது. 2000களின் தொடக்கத்தில், கணினிகளை அடுக்கி வைக்கும் ஒரு ரேக்குக்கு மூன்று நான்கு கிலோவாட் என்றால் தாராளம். இன்று செயற்கை நுண்ணறிவுக்கென என்விடியா 72 சிப்புகளை அடுக்கி விற்கும் ஒரு ரேக் 120 கிலோவாட் அளவுக்கு இழுக்கிறது. எடை ஒன்றேகால் டன்னுக்கு மேல். ஒரு பெரிய கூடத்தை நிறைத்த எனியாக்கின் பசி, இன்று ஒரு பீரோ அளவுக்குள். காற்றை எவ்வளவு வேகமாக ஊதினாலும் அந்தப் பீரோவைக் குளிர்விக்க முடியாது. ஆகவே தண்ணீர்க்குழாய் சிப்பின் தோளுக்கே திரும்பி வந்துவிட்டது. பிடுங்கியவர்களின் பிள்ளைகள் மறுபடி போட்டுக்கொண்டிருக்கிறார்கள். கணினி ஐந்து ஆண்டில் பழசாகும். குழாயும் டிரான்ஸ்பார்மரும் இருபது இருபத்தைந்து ஆண்டு உழைக்கும். ஐந்து வயதுக்காரனின் போக்கைப் பார்த்து இருபத்தைந்து வயதுக்காரனின் விதியை எழுதியதுதான் அன்று நடந்த தவறு.

அப்படியானால் எல்லாவற்றையும் பெரிதாகவே போட்டுவிட்டால் என்ன? இது நம் நாட்டில் அடிக்கடி எடுக்கப்படும் முடிவு. பாதுகாப்பானது போலவும் தோன்றும். ஆனால் மின்வாரியத்தின் பில் அப்படி நினைப்பதில்லை. உயர் அழுத்த இணைப்பில் யூனிட்டுக்கான கட்டணம் வேறு, டிமாண்ட் கட்டணம் வேறு. நீங்கள் எவ்வளவு இழுத்தீர்கள் என்பதோடு, எவ்வளவு இழுப்பேன் என்று ஒப்பந்தம் செய்தீர்கள் என்பதும் காசு. பதிவான டிமாண்ட், ஒப்பந்த டிமாண்டில் 90 சதவீதம், இரண்டில் எது அதிகமோ அதற்குக் கட்ட வேண்டும். என்றோ வரப்போகும் கணினிக்காக இன்றே பெரிய ஒப்பந்தம் போட்டவர், விருந்தாளி வருமுன்பே மாதாமாதம் இலை போட்டுப் பரிமாறிக்கொண்டிருக்கிறார். குளிர்ச்சியிலும் அப்படியே: 500 டன் சில்லர் 80 டன் வேலைக்கு ஓடினால் நின்று நின்று ஓடும், ஈரத்தையும் சரியாக இறக்காது, மின்சாரத்தையும் விழுங்கும். அதற்காகச் சிறிதாகப் போட்டால், பெருக்கும் நாளில் ஓடிக்கொண்டிருக்கும் மையத்தை நிறுத்தாமல் வேலை செய்ய வேண்டும். ஓடும் பஸ்ஸுக்கு டயர் மாற்றுவது போன்ற வேலை அது. அனுபவசாலிகள் கண்ட நடுவழி, பெரிய இயந்திரத்தை வாங்கி வைப்பதில்லை. பெரிய இடத்தை விட்டு வைப்பது. இன்னொரு டிரான்ஸ்பார்மருக்கு மேடை, இன்னொரு சில்லருக்குக் கூரையில் பலம், முதல் நாளே வால்வோடு மூடி வைத்த குழாய்முனை, ரேக்கின் எடையைத் தாங்கும் தளம், கேபிள் போகச் சுவரில் துளை. இவற்றுக்கு மாத வாடகை இல்லை. பின்னால் உருவாக்கவோ பெரும் செலவு.

மின்சாரம் எப்போதும் இருக்கும் என்ற எண்ணத்தையும் தமிழ்நாடு ஒரு முறை நன்றாகவே கலைத்துவிட்டது. நீர்மின்சாரத்தை நம்பிய காலத்தில் மழை பொய்த்த ஆண்டெல்லாம் ஆலைகளுக்கு வெட்டு என்பது பழக்கம். ஆனால் 2008இல் தொடங்கியது வேறு வகை. உயர் அழுத்த நுகர்வோருக்கு 40 சதவீத வெட்டு. 2012இல் சென்னைக்கே தினம் இரண்டு மணி நேரம். மற்ற மாவட்டங்களுக்கு அதற்கும் மேல். அம்பத்தூரின் சிறுதொழில்கள் டீசலில் ஓடி நட்டப்பட்டன. பெரிய மையங்கள் தாக்குப்பிடித்ததற்குக் காரணம் ஜெனரேட்டரை அவசரத்துக்கு என்று வைக்காமல் இரண்டாவது மின்நிலையமாகவே வைத்திருந்தது. ஒரு நிமிட மின்தடைக்கு வாங்கிய ஜெனரேட்டரும், தினம் இரண்டு மணி நேரம் ஓட வேண்டிய ஜெனரேட்டரும் ஒன்றல்ல. டீசல் தொட்டி, புகைப்போக்கி, உதிரி பாகம், ஆள் எல்லாமே வேறு. அந்த ஆண்டு ஜூலையில் வட இந்தியாவே இருளில் மூழ்கியபோது தெற்கு தப்பியது. அன்று தென்னக மின்கட்டம் மற்றவற்றோடு ஒரே தாளத்தில் இணைக்கப்படவில்லை. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் பாதை வழியே இணைந்தது. இணைந்ததால் வெளியிலிருந்து மின்சாரம் வாங்க வழி பிறந்தது. வெளியிலிருந்து தடங்கல் வரவும்தான். இரண்டையும் கணக்கில் எழுத வேண்டும்.

பூசலாரின் கிணறும் குளமும் இங்கேதான் வருகின்றன. ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்போது எடுத்துச்செல்லும் சூடு, ஏறத்தாழ மூன்றில் இரண்டு யூனிட் மின்சாரம். கூலிங் டவரை மட்டும் நம்பினால் ஒரு மெகாவாட் சூட்டுக்கு நாளொன்றுக்குக் கிட்டத்தட்ட 36,000 லிட்டர் காற்றில் போகும்; உப்புப் படியாமல் இருக்க வடித்துவிடும் நீர் அதற்கு மேல். 10 மெகாவாட்டுக்கு மூன்று லட்சத்து அறுபதாயிரம் லிட்டர். 12,000 லிட்டர் லாரியானால் முப்பது லாரி. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு கிடக்க, ஜூலை மாதம் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் வந்தது. 50 டேங்கர்களில் 25 லட்சம் லிட்டர். அந்த ரயில் திருநின்றவூர் நடைமேடையைக் கடந்துதான் போயிற்று. கூலிங் டவர் வைத்த ஒரு 10 மெகாவாட் மையம் அந்த ரயில் முழுவதையும் ஒரு வாரத்தில் குடித்துவிடும். தண்ணீர் இல்லாமல் காற்றிலேயே சூட்டை விடும் சில்லர்களும் இருக்கின்றன. சென்னையில் பல மையங்கள் அவற்றைத்தான் நாடுகின்றன. ஆனால் அவை கூடுதல் மின்சாரம் கேட்கும், அதுவும் கத்திரி வெயிலில், ஊரே ஏ.சி.யைப் போட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில். தண்ணீரை மிச்சம்பிடித்தால் மின்சாரத்தில் போகும். மின்சாரத்தை மிச்சம்பிடித்தால் தண்ணீரில் போகும். கழிவுநீரைச் சுத்திகரித்துப் பயன்படுத்துவது ஒன்றுதான் இரண்டுக்கும் இடையே கொஞ்சம் மூச்சுவிட இடம் தருகிறது. டைடல் பூங்காவில் செய்ததைப் போல, இரவில் குளிரைச் சேமித்து வைத்துப் பகல் உச்சத்தில் எடுத்துக்கொள்வது மின்சாரத்தின் பக்கத்தை இலேசாக்கும். சேமித்த குளிரை எடுத்துச் செலவழிப்பது, யோசித்துப் பார்த்தால், மெரினாவின் அந்தப் பழைய பனிக்கட்டிக் கிடங்கின் தொழில்தான்.

தண்ணீர் இல்லாதது ஒரு கணக்கு என்றால், வேண்டாத நேரத்தில் வருவது இன்னொன்று. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் அம்பத்தூர் தொழிற்பேட்டை இடுப்பளவு நீரில் நின்றது; பட்டறை முதலாளிகள் மோட்டாரையும் பேனலையும் கழற்றி வெயிலில் காயவைத்தார்கள். ஏரிகளைச் சங்கிலியாகக் கோத்து வைத்திருந்த நாடு இது. நடுவில் இருந்த ஏரிகள் மனையானபோது நீர் பழைய வழியைத்தான் தேடிக்கொண்டது. திருநின்றவூர் ஏரியை ஒட்டிய குடியிருப்புகளுக்கும் இது புதிதல்ல. டிரான்ஸ்பார்மர், டீசல் பம்பு, சுவிட்ச் பேனல் ஆகியவற்றைத் தரைத்தளத்திலோ நிலவறையிலோ வைப்பது கட்டடக்கலைஞருக்கு வசதி: கனமான பொருள், சத்தம் போடும் பொருள், கண்ணுக்கு அழகில்லாத பொருள். 2012இல் சாண்டி புயலில் நியூயார்க்கில் ஒரு மையத்தின் கூரை ஜெனரேட்டர் நன்றாகவே இருந்தது. டீசலை மேலேற்றும் பம்பு நிலவறையில் மூழ்கியதால் ஊழியர்கள் பதினேழு மாடிக்கு வாளி வாளியாக டீசல் சுமந்தார்கள். சங்கிலியின் எந்தக் கண்ணி எந்த உயரத்தில் இருக்கிறது என்பதைப் பழைய ஏரி வரைபடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் பார்க்க வேண்டும். சர்வே எண்ணும் நீர்மட்டமும் தெரிந்த கிராம நிர்வாக அலுவலர், இந்த வேலையில் மின்பொறியாளருக்குக் குறையாத நிபுணர்.

கடைசியாக ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. எல்லாம் மேகக்கணிமைக்குப் போன பிறகு, திருநின்றவூரில் ஒரு கல்லூரியோ மருத்துவமனையோ இதையெல்லாம் ஏன் யோசிக்க வேண்டும்? அம்பத்தூர்க்காரர்கள் பார்த்துக்கொள்ளமாட்டார்களா? பெரும்பகுதியை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்; பார்த்துக்கொள்ளட்டும், நல்லதே. ஆனால் சுமை இடம் மாறியதே தவிர இல்லாமல் போகவில்லை. அது போய்ச் சேர்ந்த இடம் இதே மின்பாதையில், இதே நிலத்தடி நீரின் மேல்தான் இருக்கிறது. தவிர, மேகம் என்று சொன்னாலும் இங்கே ஓர் அறை மிஞ்சவே செய்கிறது. மாடிப்படிக்குக் கீழே, சுவிட்சும் கேமராப் பதிவுக் கருவியும் ஒரு சர்வரும் யூ.பி.எஸ்.ஸும் வைத்து, மேலே இரண்டு ஸ்பிலிட் ஏ.சி. மாட்டிய அறை. மனிதன் தூங்கும் எட்டு மணி நேரத்துக்காகச் செய்த அந்த ஏ.சி. அங்கே 24 மணி நேரமும் ஓடுகிறது. மின்தடை வந்தால் யூ.பி.எஸ்.ஸில் சர்வர் இருக்கிறது, ஏ.சி. இல்லை. ஆகவே பேட்டரி தீரும் முன்பே அறை கொதிக்கிறது. பேட்டரி நீடிக்க நீடிக்க இன்னும் கொதிக்கிறது. அரை மணி நேரம் தாங்கும் பேட்டரியை ஒரு மணி நேரமாகப் பெருக்குவதற்கு விலைப்புள்ளி கேட்டு எழுதும் கடிதங்களில், அந்தக் கூடுதல் அரை மணி நேரம் அறையின் சூடு எங்கே போகும் என்ற வரி பெரும்பாலும் இருப்பதில்லை.